ஏழாம் அத்தியாயம்: எஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

சென்ற அத்தியாயத்தில் வண்டியின் அடிப்பாகத்துத் துருவைப் பற்றி விஸ்தாரமாகப் பார்த்தோம். அந்தப் பரீட்சையில் தேறாத வண்டியை உடையவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் சென்றுவிடலாம். தரையும் தூணும் உளுத்துப்போன கூட்டுக்குள் எஞ்சினுக்காகப் பணத்தைக் கொட்டுவது, நாளை இடியப்போகிற வீட்டுக்கு இன்று தேக்கங்கதவு போடுவதற்குச் சமானம். கூடு உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் தளர்ந்துவிட்ட வண்டியை உடையவருக்கே இனிச் சொல்வதெல்லாம்.

உதாரணத்துக்கு அம்பாஸிடரையே எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்து வீடுகளின் முன்வாசலில் இன்னும் எஞ்சி நிற்கும் பழைய வண்டிகளில் அதுவே பெரும்பாலோருக்குப் பழக்கமானது என்பது ஒரு காரணம். நான் நாற்பது வருஷங்களாக அழுக்காக்கிக்கொண்ட கைகள் அந்த வண்டியினால் அழுக்கானவை என்பது மற்றொன்று. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் பிறந்து, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கு, அதன் தீர்க்காயுளில் தொழிற்சாலையே பல எஞ்சின்களைப் பொருத்திப் பார்த்திருக்கிறது: ஆதியில் பக்கவாட்டு வால்வு கொண்ட ஒன்று, பிறகு நெடுங்காலம் ஆட்சி புரிந்த 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சின்; அதே கொள்ளளவில் ஒரு டீசல்; 1990-களில் ஜப்பானிய இசுசு வடிவில் அமைந்த 1817 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்சின். தொழிற்சாலையே செய்த காரியத்தை நாம் ஏன் செய்யலாகாது என்று வண்டிக்காரரின் மனம் வாதாடுவதற்கு இந்தச் சரித்திரமே போதுமானது.

அந்த வாதத்துக்கு நெய் வார்ப்பவர்கள் பட்டறைக்காரர்கள். என்னிடம் இருப்பது 1977-ஆம் வருஷத்து மார்க் த்ரீ. சில ஆண்டுகளுக்கு முன், மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து, பின்னால் வருகிறவர் முகம் சுளிக்குமளவுக்கு அது புகை தள்ளத் தொடங்கியபோது, கோயம்புத்தூரில் நான் காட்டிய முதல் பட்டறையில் பானெட்டைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், காதால் கேட்டதைத் தவிர வேறு எந்தச் சோதனையும் செய்யாமலே, "எஞ்சின் போச்சுங்க சார். இசுசு ஒண்ணு கைவசம் இருக்குது, ஏத்திப்போடலாமுங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பழைய எஞ்சினைத் திறந்து அளந்து ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பது பல நாள் வேலை. தயாராகக் கிடக்கிற ஒன்றைத் தூக்கி வைப்பதில் அவருக்குச் சிரமமும் குறைவு, லாபமும் உடனடி. வண்டியின் சொந்தக்காரர்தாம் தம் பக்கத்து நியாயத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அதைத் தேடுவதற்கு முதற்படி, புகையின் நிறத்தையும் அது வெளிப்படும் சமயத்தையும் கவனிப்பது. கரும்புகை, பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டுவது. அது கார்புரேட்டரின் குற்றம், எஞ்சினின் குற்றமன்று. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஓயாத வெண்புகை, தண்ணீர் எரிவதன் அடையாளமாதலால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நீலப்புகைதான் எண்ணெய் எரிவது. அதிலும், குன்னூர் மலையிலிருந்து கியரில் இறங்கி வந்து, அடிவாரத்தில் மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் குபீரென்று கிளம்பும் நீலப்புகை வால்வு கைடுகளின் தேய்மானத்தால் வருவது; ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் விடாமல் வருவதானால் ரிங்கையும் ஸிலிண்டர் சுவரையுமே நோக்க வேண்டும். இவ்விடத்தில் ஒரு விஷயம்: எண்ணெய் எரிவது வேறு, ஒழுகுவது வேறு. இந்த 1489 எஞ்சினின் பின்பக்கத்தில், கிராங்க் வெளிவரும் இடத்தில், இக்காலத்து ரப்பர் ஸீல் கிடையாது. தண்டிலே வெட்டிய திருகுப் பள்ளம் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புவதோடு சரி. ஆதலால் நிறுத்திய இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் சிந்துவது அதன் பிறவிக் குணம். அதைக் கண்டு மிரண்டு எஞ்சினை விற்றவர்கள் உண்டு.

இரண்டாம் படி, கம்ப்ரெஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்றுச் சுற்றவிட்டு, ஒவ்வொரு ஸிலிண்டரிலும் அழுத்தத்தை மீட்டரால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மீட்டர் காட்டும் எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பதே பிரதானம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது. குறைந்து நிற்கிற ஸிலிண்டரில் பிளக் துவாரம் வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் சட்டென உயருமானால் ரிங்கும் சுவரும் தேய்ந்திருக்கின்றன என்றும், உயராமல் நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை என்றும் கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்துபோயிருக்கும். அரை மணி நேரத்துக்கும் குறைவான இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினுக்குத் தீர்ப்புச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சினுக்குள் கேட்கும் சப்தங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவை காதால் கற்க வேண்டியவை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டுச் சூடேறியதும் அடங்கும் தட்டல் பிஸ்டனுடையது. அதனோடு இன்னும் சில காலம் ஓட்டலாம். பாரம் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த இடி கிராங்கின் பிரதான பேரிங்குகளுடையது. அதனோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. ஆயில் அழுத்தம் காட்டும் கருவி இல்லாத வண்டிக்கு முதலில் அதை வாங்கிப் பொருத்துங்கள். சூடான எஞ்சினில், ஓட்டத்திலும் அது தாழ்ந்தே நிற்குமானால் கிராங்க் தேய்ந்துவிட்டதென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இத்தனையும் வெளியிலிருந்து பார்க்கும் வைத்தியம். உண்மையான நிர்ணயம் எஞ்சினை இறக்கித் திறந்த பிறகே சாத்தியம் என்பதும், அதுவரையில் புதுப்பிப்பது என்றோ மாற்றுவது என்றோ யாரிடமும் ஒப்புக்கொள்ளாதிருப்பதே விவேகம் என்பதும் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்த பிரதான விஷயம். பிளாக்கும் கிராங்கும் தாமே பதில் சொல்லும்.

ஸிலிண்டரின் வாய்க்குச் சற்றுக் கீழே உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் ஒரு விளிம்பு தட்டுப்படும். ரிங் எட்டாத மேற்பகுதி தேயாமல் நிற்க, ரிங் உராயும் பகுதி தேய்ந்ததால் உண்டான படி அது. நகம் சொல்வதை மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் கொண்டு உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு ஸிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், வண்டியின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலுமாக இரண்டு திசைகளிலும் அளந்தால், எவ்வளவு கூம்பிப்போயிருக்கிறது, எவ்வளவு கோணி முட்டை வடிவம் கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் எட்டு முதல் பத்துப் பங்கு வரை தேய்ந்திருந்தால் ரீபோர் செய்யாமல் தப்ப வழியில்லை. 1489 எஞ்சினின் ஸிலிண்டர் விட்டம் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர். பட்டறைகளில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று வழங்கும் ஓவர்சைஸ்கள் இதே ஆயிரத்தில் பங்கைக் குறிப்பவை. நாற்பது என்பது சுமார் ஒரு மில்லிமீட்டர். ஏற்கனவே எந்த சைஸ் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பிஸ்டனின் தலையைத் துடைத்தால் அதில் பொறித்திருக்கும் எண் சொல்லிவிடும். நாற்பதையும் எட்டித் தேய்ந்துவிட்ட பிளாக்குக்கும் கதி உண்டு: லைனர் இறக்கி ஆதி அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். செலவு சற்று ஏறுமே தவிர, பிளாக் அதனால் தள்ளுபடி ஆகிவிடாது.

கிராங்கின் கதையும் அவ்வாறே. தேய்ந்த கழுத்துகளை அரைத்துச் சிறியதாக்கி, அதற்கேற்பத் தடித்த பேரிங் போடுவது வழக்கம்; அதிலும் பத்து முதல் நாற்பது வரையிலான வரிசை உண்டு. இந்த எஞ்சினின் கிராங்கை மூன்றே பிரதான பேரிங்குகள் தாங்குகின்றன, இசுசுவிலோ ஐந்து. ஆகவே பழைய எஞ்சினில் கிராங்கின் நேர்த்தி மிகவும் முக்கியம். அரைக்கக் கொடுக்குமுன், கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். கோயில் மணிபோல் கணீரென்று நாதம் நீளுமானால் நல்லது, ஓட்டைப் பானைபோல் மொத்தென்று ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். வசதி உள்ள பட்டறைகளில் காந்தச் சோதனையும் செய்வார்கள், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பிளாக்கைத் தள்ளிவிட வேண்டிய நிலை இரண்டே. ஒன்று, விரிசல்: பேரிங் அமரும் மேடையிலோ, இரண்டு ஸிலிண்டர்களுக்கு இடையிலோ, வெளிச்சுவரிலோ. மற்றொன்று, தண்ணீர் ஓடும் அறைகள் உள்ளேயே அரித்துப்போயிருப்பது. வருஷக்கணக்காகப் போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிய வண்டிகளில் இந்த இரண்டாவது ரோகம் சாதாரணம். (சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்கள்கூட வண்டிக்கு மட்டும் உப்புத் தண்ணீர் ஊற்றுவதை நான் கண்டிருக்கிறேன்.) பிளாக்கை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்த்துவிட்டே ரீபோருக்கு அனுப்ப வேண்டும், போர் போட்டபின் விரிசல் தெரியவந்தால் போட்ட பணமெல்லாம் விரயம்.

ஹெட்டைப் பற்றிப் பலர் மறந்துவிடும் ஒரு சங்கதி இருக்கிறது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்பனையாகிறது. அதற்கு முன் பிறந்த இந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளில், பெட்ரோலிலிருந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெல்லிய காப்பாக அமைந்திருந்தது. அது இல்லாமற்போகவே, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டி ஓட்டும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சங்கொஞ்சமாகத் தன் ஆசனத்துக்குள் புதைந்துபோகிறது. எஞ்சின் திறந்து கிடக்கும்போதே கடினமாக்கப்பட்ட எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைப் பதித்துவிடுவது புத்திசாலித்தனம். இக்காலத்தில் பெட்ரோலோடு கலந்து வரும் எத்தனாலைப் பழைய ரப்பர் தாங்காதாகையால், பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரமையும் குழாய்களையும் அதே சமயம் மாற்றிவிடலாம்.

இங்கே என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இசுசுவை மறுத்துவிட்டு நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது பட்டறையில், செலவைக் குறைக்கும் பொருட்டு, ஸிலிண்டரை அளக்காமலே புது ரிங் மட்டும் போட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள், நானும் சம்மதித்தேன். கோணிப்போன சுவரில் வட்டமான ரிங் எப்படிப் பொருந்தும்? மூன்றே மாதத்தில் முன்னைவிட அதிகமாகப் புகை வந்தது. மறுபடி இறக்கினோம். கேஸ்கெட் முதல் கூலி வரை எல்லாம் இரட்டிப்பு. ரிங் மட்டும் மாற்றுவது என்பது, அளந்து பார்த்துச் சுவர் நேராக இருக்கும் எஞ்சினுக்கு உரிய சிகிச்சை.

இனி, மாற்றுவதைப் பார்ப்போம். அதே வகை எஞ்சின் ஒன்றைச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் வாங்கி ஏற்றுவது, தோற்றத்துக்கு எல்லாவற்றிலும் சுலபமானது. ஆனால் உடைத்த வண்டியிலிருந்து வந்த அந்த எஞ்சினும் நம்முடையதைப்போலவே ஆண்டுகள் பல ஓடியதுதானே? அதையும் திறந்து அளந்தே போட வேண்டும் என்றால் நம்முடையதையே அளந்திருக்கலாம். நம் பிளாக் விரிசல் கண்டு வீணானபோது மட்டுமே இந்த வழி அர்த்தமுள்ளது. வாங்கும்போது பில்லும், அந்த எஞ்சின் எண் குறித்த பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாது. திருட்டு வண்டியின் எஞ்சின் நம் பானெட்டுக்கு அடியில் அகப்பட்டால், வாங்கியவர் படும் பாடு விற்றவர் படுவதில்லை.

வேறு வகை எஞ்சினை ஏற்றுவது, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழிக்கு நேரான இலக்கியம். இசுசுவை எடுத்துக்கொண்டால், எஞ்சினோடு அதற்குரிய ஐந்து கியர் பெட்டியும் வர வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் தரைக்கு இறங்கும். அதற்காகத் தரையை வெட்ட வேண்டும். எஞ்சின் அமரும் தாங்கிகள், கிளட்ச் இணைப்பு, ப்ரொப்பெல்லர் தண்டின் நீளம், ரேடியேட்டர், ஸைலன்ஸர் குழாய், வயரிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும். தொழிற்சாலையே அந்த எஞ்சினோடு அம்பாஸிடர் விற்றதால் இவற்றில் பல தயாராகக் கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல். வேன்களின் டீசல் எஞ்சினை ஏற்றுகிறவர்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது: கனம் ஏறிய முன்பாகத்தை, இந்த வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்கள் சுமக்க வேண்டும், வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். ஸ்டீயரிங் கனக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட வண்டியில் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்தும் சக்தியைக் கூட்டாமல் விடுவது ஆபத்தானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இக்காலத்துக் கார்களின் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு எஞ்சின்களை ஏற்றும் சாகசத்தை, சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவு அதிகாரியின் அனுமதியின்றி, ஆர்.சி.யில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் ஆதியில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க இடமில்லை என்பதை மேலும் இறுக்கிவிட்டது. அதே வகை எஞ்சினுக்கு அனுமதி பெறுவது நடைமுறையில் உள்ளதே. பெட்ரோல் வண்டியில் யாருடைய டீசலையோ ஏற்றிவிட்டு அனுமதி கேட்பது வேறு விஷயம். பதினைந்து வருஷம் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது அதிகாரி பானெட்டைத் திறந்து எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பதையும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அவ்வாறே பார்க்கும் என்பதையும் மறக்கலாகாது. ரீபோர் செய்த பழைய பிளாக்குக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. எண் அப்படியே இருக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பிளாக் விரிசலின்றி இருந்து, கிராங்க் அரைப்புக்கு இடம் தருமானால், 1489 எஞ்சினைப் புதுப்பிப்பதே உசிதம். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன, அதை அறிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. தினந்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டியவர், வேகமும் குளிர்சாதனமும் வேண்டியவர், எஞ்சினை மாற்றுவதற்குப் பதில் வண்டியையே மாற்றிக்கொள்ளட்டும். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் நியாயம் இதுவே. ஆனால் அந்த 1089 ஸி.ஸி. எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடுவது வரவரக் கடினமாகும் என்று எதிர்பார்க்க வேண்டும். பம்பாய் டாக்ஸிகளில் கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. அவ்வளவு பெரிய வாடிக்கை போனபின் புதிதாகச் செய்து விற்பவருக்கு உற்சாகம் ஏது? கிடைக்கும்போதே ஒரு ஸெட் பிஸ்டனும் பேரிங்கும் வாங்கி வைத்துவிடுங்கள்.

பட்டறையில் வேலையை ஒப்படைக்கும்போது, எந்தெந்தப் பாகம் மாற்றப்படும், எந்த சைஸ் போடப்படும், அளந்த எண்கள் என்ன என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; மதிப்பிட்ட தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், திறந்த எஞ்சின் புதுப்புதுச் செலவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வந்த எஞ்சினை முதல் 800 கிலோமீட்டர் மணிக்கு 60-க்கு மேல் விரட்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் நிறுத்தாமலும் ஓட்டி, 500-ஆவது கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளையும் டாப்பெட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

என் வண்டியின் பிளாக் மூன்றாவது பட்டறையில் முப்பது சைஸுக்குப் போர் போடப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இப்போது 1489 அன்று, 1520 ஸி.ஸி. சொச்சம். இன்னும் ஒரு ரீபோருக்கு இடம் இருக்கிறது; அதற்குப் பிறகு லைனர்.